எந்த சி.டி.?

வேலூர் காந்தி ரோட்டில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், எதிரே வருகிறவர்களில் பலர் கையில் பெரிய உறை ஒன்று இருக்கும். மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்து, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி, சி.எம்.சி. மருத்துவமனைக்கும் மருந்துக் கடைக்கும் நடையாய் நடக்கிறவர்கள். கூடவே குடியாத்தத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்த நம்மவர்கள். அந்த உறைக்குள் ‘சி.டி.’ என்று பெயர் சொல்லக்கூடியவை நான்கைந்து இருக்கலாம். ஸ்கேன் படம் ஒரு சி.டி. அதைப் பதிந்து கொடுத்த வட்டு ஒரு சி.டி. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு சி.டி. கொரோனா காலத்து அறிக்கையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதில் ஒரு சி.டி. எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர் என்றால் இன்னொரு சி.டி. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சொந்தபந்தம் கிடையாது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆங்கில எழுத்துகள் 26. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 சேர்க்கைகள்தான் கிடைக்கும். அறிவியலும் கணினித் துறையும் பெயர் வைத்திருக்கும் பொருள்களோ லட்சக்கணக்கில். மோதல் வந்தே தீரும். வழக்கமாக அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ஒவ்வொரு துறையும் தன் வீட்டுக்குள் தன் சுருக்கப் பெயரைப் புழங்கிக்கொள்கிறது. ஆனால் பழைய வட ஆற்காடு போன்ற இடத்தில் வீடுகள் சுவரொட்டி நிற்கின்றன. மருத்துவமனை, காட்பாடிப் பக்கம் பொறியியல் படிப்பு, ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலை, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஷூ கம்பெனியிலும் தம்பி கணினியிலும் தங்கை நர்ஸ் வேலையிலும் இருப்பது இங்கே சாதாரணம். அந்த வீட்டில் ‘சி.டி.’ என்று யாராவது சொன்னால் மூவரும் மூன்று பொருளை நினைப்பார்கள்.

முதலில் எல்லோரும் அறிந்த ஸ்கேன். கம்ப்யூட்டட் டோமோகிராபி என்பதன் சுருக்கம் அது. பெயரின் முதல் எழுத்திலேயே கணினி உட்கார்ந்திருக்கிறது. உடலைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே அனுப்பி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தாண்டி வந்தது என்று அளந்து, அந்தக் கணக்கிலிருந்து உள்ளே இருப்பதன் குறுக்குவெட்டைக் கணினி வரைகிறது. இதைச் செய்துகாட்டியவர் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை இப்படிப் படம் பிடிக்கப்பட்டது. 1979இல் ஆலன் கார்மக்குடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு. இன்றைக்கும் ஸ்கேன் அறிக்கையில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு அவர் பெயரில்தான் இருக்கிறது: தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000, எலும்பு பல நூறுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை.

ஹவுன்ஸ்பீல்டு வேலை பார்த்தது ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில். பாட்டு விற்ற கம்பெனியிலிருந்து மூளையைப் பார்க்கும் கருவி வந்தது. அதே அக்டோபர் 1, ஆனால் 1982இல், சோனி நிறுவனம் ஜப்பானில் முதல் காம்பாக்ட் டிஸ்க் பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது அடுத்த சி.டி. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள அந்த வட்டு முதலில் பாட்டுக்காகப் பிறந்து, பிறகு கணினிக் கோப்புகளைச் சுமக்கத் தொடங்கி, கடைசியில் ஸ்கேன் படங்களின் உறைக்குள் வந்து சேர்ந்தது.

ஸ்கேன் அறையில் தரும் வட்டை ஒருமுறையாவது கணினியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளடக்கம் தெரிந்திருக்கும். டைகாம் என்ற மருத்துவப் பட வடிவத்தில் வரிசை வரிசையாகக் கோப்புகள். அவற்றைத் திறந்து காட்டும் சின்ன மென்பொருள் ஒன்று. ஒரு குறுக்குவெட்டுப் படம் பொதுவாக 512க்கு 512 புள்ளிகள் கொண்டது, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு பைட். ஆக, ஒரு படம் அரை மெகாபைட். 700 மெகாபைட் கொள்ளும் வட்டில் கணக்குப்படி 1,400 படங்கள் வரை வைக்கலாம். மார்பும் வயிறும் மெல்லிய வெட்டுகளாக எடுத்தால் ஒரே நோயாளியின் படங்கள் அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். வட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் ‘சி.டி. மார்பு’ என்று எழுதியிருக்கும். சி.டி.க்குள் சி.டி. இப்போது வரும் மடிக்கணினிகளில் வட்டு போடும் இடமே இல்லாததால், அதைத் திறந்து பார்க்க டிரைவ் வைத்திருக்கும் கடையைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அது வேறு கதை.

இந்த இரண்டும் மோதினாலும் சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவது சி.டி. சிரிக்க விடாது, குறிப்பாகக் கையில் காசில்லாதவரை. சிறிய அறுவைக்குக்கூட மருத்துவர் எழுதித் தரும் பரிசோதனைப் பட்டியலில் ‘பி.டி., சி.டி.’ என்று இரண்டு இருக்கும். ப்ளீடிங் டைம், க்ளாட்டிங் டைம்: ரத்தக் கசிவு நிற்க ஆகும் நேரம், ரத்தம் உறைய ஆகும் நேரம். செலவு மிகக் குறைவு. விரல் நுனியில் ஊசியால் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றுத்தாளால் ஒற்றி, கறை படியாமல் நிற்கும் வரை நேரம் பார்ப்பது முதலாவது. இரண்டாவதற்கு மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தத்தை ஏற்றி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைச் சிறிது சிறிதாக உடைத்துப் பார்ப்பார்கள். உடைந்த இரு துண்டுகளுக்கு நடுவே சிலந்தி நூல் போல ஓர் இழை நீண்டால் ரத்தம் உறைந்துவிட்டது என்று பொருள். கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பல பெரிய மருத்துவமனைகள் இதை விட்டுவிட்டு வேறு உறைவுப் பரிசோதனைகளுக்குப் போய்விட்டன. சின்ன ஆய்வகங்களில் இன்னும் நடக்கிறது.

குடலிறக்க அறுவைக்காகக் கே.வி. குப்பம் பக்கத்திலிருந்து வந்த பெரியவரிடம் “சி.டி. எடுத்துக்கொண்டு வாருங்கள் ஐயா” என்று யாராவது சொன்னால் அவர் காதில் விழுவது ஸ்கேன்தான். மருமகனுக்குப் போன் போட்டுப் பணத்துக்கு வழி கேட்கத் தொடங்கிவிடுவார். விரலில் ஒரு குத்தோடு முடியும் விஷயம் என்று ஆய்வகத்தில் தெரிந்துகொள்ளும் வரை அவருக்கு நிம்மதி இருக்காது.

ஆனாலும், பொருள் மாறினால் எவ்வளவு கெடுதல் என்று ஊருக்கே காட்டியது கொரோனாதான். 2021 மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தொண்டையில் எடுத்த மாதிரியை ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். மூச்சுத் திணறல் இருந்தால் நுரையீரல் ஸ்கேனும் எடுக்கிறார்கள். முதல் அறிக்கையில் ஒரு சி.டி. எண் வருகிறது, இரண்டாவதில் ஒரு சி.டி. எண் வருகிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே நோயாளிக்கு, ஒரே வாட்ஸப் குழுவில். “மாமாவுக்கு சி.டி. 22 என்று வந்திருக்கிறது” என்று தம்பி ஒருவன் போடுகிறான். ஒரு சித்தி கும்பிடும் கையைப் பதிலாக அனுப்புகிறார். ஒரு பெரியப்பா “22 நல்லதுதான், கவலைப்படாதே” என்கிறார். யார் சரி?

பி.சி.ஆர். பரிசோதனையின் சி.டி. என்பது சைக்கிள் திரெஷோல்டு. வைரஸின் மரபணுத் துணுக்கை இயந்திரம் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறது. அதோடு ஒட்டிய ஒளிரும் சாயம், எத்தனையாவது சுற்றில் கண்டறியும் அளவைத் தாண்டுகிறதோ அந்தச் சுற்றின் எண்தான் அறிக்கையில் வருவது. மாதிரியில் வைரஸ் நிறைய இருந்தால் சீக்கிரமே தாண்டிவிடும். எண் சிறியதாக வரும். குறைவாக இருந்தால் பல சுற்று ஓட வேண்டும்; எண் பெரியதாக வரும். பத்துச் சுற்று வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம். எண் குறைந்தால் சரக்கு அதிகம் என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கு காவலூரில் விண்மீன் பார்ப்பவர்களுக்குப் பழக்கமானது. விண்மீனின் ஒளியளவை எண்ணும் அப்படித்தான் போகிறது: ஒன்றாம் எண் விண்மீன், ஆறாம் எண் விண்மீனைவிட நூறு மடங்கு பிரகாசமானது. மற்றவர்களுக்கு அது பழக்கமில்லை. இந்தியாவில் 35 அல்லது அதற்குக் கீழே வந்தால் தொற்று என்று கொள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வரம்பு வைத்தது. இந்த எண்ணை மட்டும் வைத்து நோயின் கடுமையை முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னது. மாதிரியை எப்படி எடுத்தார்கள், எந்தக் கிட் என்பதைப் பொறுத்தெல்லாம் அது ஆடும்.

ஸ்கேன் அறிக்கையின் சி.டி. எண் வேறு ஜாதி. நுரையீரலில் ஐந்து மடல்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, கூட்டினால் அதிகபட்சம் 25. இங்கே எண் ஏற ஏற ஆபத்து. 15ஐத் தாண்டினால் கடுமை என்று பரவலாக வகுத்திருந்தார்கள்.

இப்போது அந்த 22ஐப் பாருங்கள். பி.சி.ஆர். எண்ணாக இருந்தால், தொற்று இருக்கிறது என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. வீட்டிலேயே இருந்து குணமானவர்களுக்கும் அப்படி வந்தது. ஸ்கேன் மதிப்பெண்ணாக இருந்தால் நுரையீரலில் பெரும்பகுதி போய்விட்டது. ஆக்சிஜன் படுக்கையைத் தேடி ஓடியாக வேண்டும். எழுத்து ஒன்று, எண் ஒன்று, நோயாளியும் ஒருவர்தான். செய்ய வேண்டியது மட்டும் வேறு. சித்தியும் சரியாக இருக்கலாம், பெரியப்பாவும் சரியாக இருக்கலாம். 32 என்று வந்திருந்தால் குழப்பமில்லை, 25க்கு மேல் ஸ்கேன் மதிப்பெண் கிடையாது. கெடுதல் 25க்குக் கீழேதான்.

அறிக்கையில் குழப்பம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றில் ‘வேல்யூ’ என்று இருக்கும், மற்றதில் ‘ஸ்கோர்’ என்றோ ‘25க்கு 22’ என்றோ இருக்கும். போனில் சொல்லும்போதுதான் அந்த வால் அறுந்துபோனது. என் அபிப்பிராயத்தில் முதலெழுத்துச் சுருக்கங்களின் முழு ரகசியமும் அந்த வாலில்தான் இருக்கிறது. சி.டி. ஸ்கேன், சி.டி. பிளேயர், தொழிற்சாலை மின்சாரத்துக்கு சி.டி. மீட்டர் என்று மக்கள் தாங்களாகவே வால் ஒட்டிப் பேசுகிறார்கள். அப்படிப் பேசும் வரை ஒரு சிக்கலும் இல்லை. “ஸ்கேன் என்பது ஏற்கெனவே அதில் அடங்கியதுதானே, எதற்கு இரண்டு தடவை” என்று திருத்த வருகிற படித்தவர்கள் கொஞ்சம் சும்மா இருக்கலாம்.

எச்.ஐ.வி.யோடு வரும் சி.டி.க்கு வால் ஓர் எண்: சி.டி.4. இந்தக் கதையில் வேலூருக்கே ஒரு பங்கு உண்டு. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் வெளிப்பட்டது. அந்தக் கிருமி குறிவைத்துத் தாக்கும் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்துக்குத்தான் சி.டி.4 என்று பெயர். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் அந்த அணுக்கள் பெரியவர்களுக்குப் பொதுவாக 500க்கு மேல் இருக்க வேண்டும். 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் நிலை என்று கொள்கிறார்கள். இந்த எண் எவ்வளவு என்பதைப் பார்த்து மருந்து தொடங்கிய காலம் ஒன்று இருந்தது. 2017 முதல் எண் எதுவானாலும் தொற்று உறுதியானால் மருந்து.

இங்கே சி.டி. என்பது க்ளஸ்டர் ஆஃப் டிஃபரென்சியேஷன். இந்தப் பெயர் எதற்காக வந்தது என்பதுதான் வேடிக்கை. 1980களின் தொடக்கத்தில் வெள்ளணுப் புரதங்களை அடையாளம் காணும் ஆன்டிபாடிகளை உலகெங்கும் பல ஆய்வகங்கள் தயாரித்தன. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. சி.டி.4 என்று இன்று சொல்லும் ஒரே புரதம் அப்போது டி4, லியூ-3 என்றெல்லாம் புழங்கியது. இந்தக் கூத்தை நிறுத்த 1982இல் பாரிசில் கூடிப் பொதுப் பெயர் வரிசை ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அதில் 370க்கு மேல் எண்கள். ஒரு பொருளுக்குப் பல பெயர் என்ற நோயைத் தீர்த்தார்கள். அதே 1982இல் சோனி வட்டும் கடைக்கு வந்து, ஒரு பெயருக்குப் பல பொருள் என்ற அடுத்த நோயைத் தொடங்கிவைத்தது.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தாலும் சி.டி. ஆளை விடுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கூடங்களில் டிரம் சுற்றும் மோட்டார்களுக்குப் பெரிய மின் இணைப்பு வேண்டும். அங்கே சி.டி. என்றால் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். கம்பியில் ஓடும் பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்காது என்பதால் அதைச் சின்னதாக்கிக் கொடுக்கும் கருவி. 100க்கு 5 என்ற சி.டி. என்றால் கம்பியில் 100 ஆம்பியர் ஓடும்போது மீட்டருக்கு 5 ஆம்பியர்தான் போகும். மீட்டரில் காட்டும் யூனிட்டை 20ஆல் பெருக்கினால்தான் உண்மைக் கணக்கு. மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மீட்டர் பக்கக் கம்பியைக் கழற்றித் திறந்து விட்டால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தம் ஏறிவிடும். எலெக்ட்ரீஷியன்களுக்கு இது முதல் பாடம்.

கணினி மாணவருக்கோ சி.டி. என்பது கட்டளை: சேஞ்ச் டைரக்டரி, ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. வேதியியலில் அது காட்மியம்; குடிநீரில் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் நச்சு உலோகம். பாலாற்றங்கரையில் தோல் தொழிலோடு சேர்த்து அதிகம் பேசப்படுவது குரோமியம் என்றாலும், தண்ணீர்ப் பரிசோதனைப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி உண்டு. இயற்பியலில் ஒளிச்செறிவின் அலகான கேண்டெலா. நகைக்கடையில் வைரத்துக்கு கேரட். ஒரு கேரட் 200 மில்லிகிராம்.

இதைப் படிக்கும் ஆங்கிலம் அறிந்தவர் இந்நேரம் ஆட்சேபித்திருப்பார்: இவற்றில் பாதி ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தில் முடிபவை, பாதி இருபதாம் எழுத்தில் முடிபவை, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டலாமா? ஆங்கிலத்தில் கட்ட முடியாதுதான். தமிழில் எழுதினால் மூட்டை தானாகவே கட்டிக்கொள்கிறது. வட்டின் கடைசி எழுத்தும் ஸ்கேனின் கடைசி எழுத்தும் நமக்கு ஒரே ‘டி’. அதனால்தான் போனில் “டெல்லி டி”, “டைகர் டி” என்று கத்த வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கு ஒரு பி.டி. ஆசிரியர், பாடத்துக்கு ஒரு பி.டி. ஆசிரியர், வெளியே வயலில் பி.டி. பருத்தி, மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றல்ல.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடும் தமிழில் கிடையாது. ஆங்கிலத்தில் இரண்டும் பெரிதானால் வட்டு. முதலெழுத்து மட்டும் பெரிதானால் காட்மியம். இரண்டும் சிறிதானால் கேண்டெலா அல்லது கணினிக் கட்டளை. லினக்ஸில் அந்தக் கட்டளையைப் பெரிய எழுத்தில் அடித்தால் வேலை செய்யாது. பி.சி.ஆர். எண்ணுக்கு முதலெழுத்து பெரிது, இரண்டாவது சிறிது. ஸ்கேனுக்கு இரண்டும் பெரிது. அச்சிட்ட ஆங்கிலக் காகிதத்தில் 22 எந்த 22 என்று இந்த ஒரு வித்தியாசத்திலேயே கண்டுபிடிக்கலாம். தமிழில் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. ஆகவே தமிழில் எழுதுகிறவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிடக் கூடுதலாக வால் ஒட்ட வேண்டியிருக்கிறது.

கணினிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? நன்றாகச் சமாளித்தன என்று சொல்ல முடியாது. எழுத்துரையை அலசும் பழைய மென்பொருள்களில் பல முதல் வேலையாக எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றிவிடும். தேடுவதற்கு அதுதான் வசதி. அத்தோடு காட்மியமும் வட்டும் ஒன்றாகிவிடும். பிறகு அக்கம்பக்கச் சொற்களைப் பார்த்து ஊகிக்க வேண்டும்: அருகே ‘மார்பு’ என்று வந்தால் ஸ்கேன், ‘சுற்று’ என்று வந்தால் பி.சி.ஆர்., ‘ஆம்பியர்’ என்று வந்தால் மின்சாரம். இப்போதைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் இந்த ஊகத்தை மிக நேர்த்தியாகச் செய்கின்றன. ஆனால் “மாமாவுக்கு சி.டி. 22” என்ற செய்தியில் அக்கம்பக்கமே இல்லை. அதில் எந்த இயந்திரமும் சரியாகச் சொல்ல முடியாது. சொன்னால் அது குருட்டாம்போக்கு.

மருத்துவப் பதிவேடுகளில் ஊகத்துக்கே இடம் கொடுக்காமல், ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனி எண் கொடுத்துவிடும் வழி ஒன்று உண்டு. பெயர் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், கோப்பில் ஏறுவது எண். இதற்கென்று உலக அளவில் புழங்கும் தொகுப்பு 2002இல் வெளிவந்தது. இந்தியா 2014இல் அதில் சேர்ந்தது. அதன் பெயர் ஸ்னோமெட் சி.டி. அந்த சி.டி.க்கு விரிவு க்ளினிக்கல் டெர்ம்ஸ்.

பி.சி.ஆர். எண்ணின் பெயரை மாற்றும் யோசனையும் கொரோனாவுக்கு வெகு முன்பே வந்திருக்கிறது. வெவ்வேறு இயந்திரங்கள் அந்த ஒரே எண்ணுக்கு வெவ்வேறு பெயர் வைத்திருந்ததால், எல்லோரும் பொதுவாக சி.க்யூ. என்று எழுதலாம் என்று 2009இல் வெளியான பரிசோதனை நெறிமுறை ஒன்று பரிந்துரைத்தது. அதன்படி நடந்திருந்தால் 2021இல் வாட்ஸப் குழுக்களில் ஓடிய அந்த எண்ணுக்கு ஸ்கேனோடு மோதாத பெயர் இருந்திருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் சில அதை ஏற்றன. ஆய்வக இயந்திரங்களின் திரையும் கிட் பெட்டிக்குள் வரும் தாளும் பெரும்பாலும் பழைய பெயரையே வைத்துக்கொண்டன. அதைப் பார்த்து அறிக்கை தட்டச்சு செய்தவர்கள் திரையில் இருந்ததையே தட்டினார்கள்.